மெமரி கார்டை செல்போன் கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: 2,800 ரூபாயும் போச்சு, அப்பாவின் பாட்டும் போச்சு

2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த பாட்டையும் சேர்த்துக் கெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் ஒரு செல்போன் சர்வீஸ் கடை. பேர் போடவில்லை. இதே மாதிரிக் கடை உங்கள் ஊரிலும் இருக்கும்.

அப்பாவுக்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினோம். பழைய போனில் இருந்த மெமரி கார்டை இதில் போட்டால், பாதிப் பாட்டு பிளேயரில் வரவே இல்லை. அந்தக் கார்டில் இருந்தது சினிமாப் பாட்டு இல்லை. எண்பதுகளில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோவில் திருவிழாக்களுக்கு அப்பா டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரிகள். கேசட்டை எல்லாம் என் தம்பிதான் கம்ப்யூட்டரில் ஏற்றினான். முதலில் ஏற்றியதெல்லாம் டபிள்யூஎம்ஏ (விண்டோஸ் மீடியா ஆடியோ) என்ற ஃபைல் வகை, விவரம் தெரிந்த பிறகு ஏற்றியதெல்லாம் ஃப்ளாக் என்ற வகை. கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கும் செத்துவிட்டது. மிச்சம் இருந்தது இந்தக் கார்டு ஒன்றுதான்.

இதைக் கடையில் சொல்லாமல் கொடுக்கவில்லை. "தம்பி, இதுக்கு வேற காப்பி கிடையாது, பாத்து செய்யுங்க" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். கடைக்காரர் அப்பாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். "ஐயா, எந்தக் கோவில்ல எடுத்தது?" என்று கேட்டார். "எங்க தாத்தாவும் தவில் வாசிச்சவர்தாங்க" என்றார். அப்பா அதிலேயே விழுந்துவிட்டார். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. "நம்ம வீட்டுப் பொருள் மாதிரி பாத்துக்கறேன்க்கா. போன்ல கோடெக் இல்ல, அதாவது இந்த வகை ஃபைலைப் படிச்சுப் பாட வைக்கிற மென்பொருள் இல்ல, அதான் காட்டல. லைசென்ஸ் கோடெக் ஏத்தி, எல்லாத்தையும் எம்பி3 ஆக்கித் தந்துடறேன். கோடெக்குக்கு 1,500, கன்வர்ட் பண்ண 1,300." அங்கேயே யுபிஐயில் 2,800 ரூபாய் அனுப்பினேன்.

சாயங்காலம் போனபோது எங்கள் முன்னாலேயே ஒரு புறப்பாட்டு மல்லாரியைப் போட்டுக் காட்டினார். பாடியது. வீட்டுக்கு வந்து அப்பா வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் பிளேயரைத் திறந்தால், பட்டியலில் எல்லாப் பெயரும் இருக்கிறது, பாதியைத் தொட்டால் பாடவில்லை. பாடிய மீதியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அப்பா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். "தாளம் தண்ணிக்குள்ள தட்டற மாதிரி கேக்குதும்மா."

ஆபீசில் கூட வேலை செய்பவர் கார்டை லேப்டாப்பில் போட்டு, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து காட்டினார். பெயர் முடிவில் .எம்பி3 என்று இருக்கிறது, உள்ளே விண்டோஸ் மீடியா ஆடியோ என்று வருகிறது. மாற்றவே இல்லை! பெயரை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். கடையில் பாடிக் காட்டியது விஎல்சி என்ற பிளேயர் ஆப். அது பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பாடிவிடும். பைசா செலவில்லாமல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். "லைசென்ஸ் கோடெக்" என்று 1,500 ரூபாய் வாங்கியது அதற்குத்தான்.

அது கூடப் பரவாயில்லை, பெயரைத் திரும்ப மாற்றினால் அந்தப் பாட்டுகள் பிழைத்துக்கொள்ளும். வயிறு எரிவது ஃப்ளாக் பதிவுகளை நினைத்துத்தான். ஆண்ட்ராய்டு 3.1-இலிருந்தே, அதாவது 2011-இலிருந்தே, ஃப்ளாக்கைப் போன் தானே பாடும். அப்பாவின் புதுப் போனிலும் அவை பாடிக்கொண்டுதான் இருந்தன! தொடவே தேவையில்லாததை எடுத்து 64 கேபிபிஎஸ் என்ற குறைந்த தரத்தில் எம்பி3 ஆக்கி, ஒரிஜினலை அழித்திருக்கிறார்கள். முந்நூறு எம்பிக்கு மேல் இருந்த ஒரு மணி நேரத் தோடி ஆலாபனை இப்போது 28 எம்பி. ஃப்ளாக் என்பது சத்தத்தில் எதையும் விடாமல் சுருக்கி வைப்பது. எம்பி3 காதுக்குத் தெரியாது என்று நினைப்பதை வெட்டி எறிவது, 64-இல் வைத்தால் தெரிகிறதையும் வெட்டிவிடும். வெட்டியது திரும்ப வராது. வாசித்தவர் இன்று உயிரோடு இல்லை.

கடைக்குப் போனால், "ஓனர் வெளியூர் போயிருக்கார்க்கா." அடுத்த முறை, "பழைய கேசட்டுதானே, ரெக்கார்டிங்கே அப்படித்தான் இருக்கும்." அப்பாவைக் கைகாட்டி, "வயசானா காது அப்படித்தான்க்கா கேக்கும்" என்று சொன்னதை மட்டும் என்னால் மறக்க முடியாது. நாற்பது வருஷமாகக் கேட்ட தவில் அவருக்குத் தெரியாதா? பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்" என்றார். வாட்ஸ்அப்பில் மீடியாஇன்ஃபோ படத்தை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் போனில் பிடித்தபோது, அழிந்ததை மீட்டுத் தர இன்னும் 4,000 ரூபாய் ஆகும் என்கிறார். அழித்ததே நீதானேய்யா!

போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருளில் நாங்களே மீட்கப் பார்த்தோம். அழித்த இடத்திலேயே புது எம்பி3க்களை எழுதிவிட்டதால் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வந்தது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். போனில் பாட்டு வரவில்லை என்றால் முதலில் விஎல்சி போட்டுப் பாருங்கள். டபிள்யூஎம்ஏ, ஏப், ஏலாக் மாதிரி ஃபைல் வகைகளில் போனின் சொந்த பிளேயர் எடுக்காததையும் அது பாடும். "போனுக்குக் கோடெக் ஏத்தறோம்" என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அது பிளேயர் ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரிஜினல் கார்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள், காப்பி எடுத்து அதைக் கொடுங்கள். எதுவாவது அழிந்துபோனால் அந்தக் கார்டில் ஒரு போட்டோ கூட எடுக்காமல் உடனே கழற்றி வையுங்கள்.

பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அந்த 2,800 ரூபாயை வாங்காமல் விடமாட்டேன்.