கோத்தகிரியில் ஒரு கூரை திறக்கும் கார்: பழைய இசட்4-உடன் சில ஆண்டுகள்

இரண்டே இருக்கைகளும் திறந்து மூடும் கூரையும் நீண்ட பானெட்டும் கொண்ட ரோட்ஸ்டர் கார்களை வேகத்துக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2009-இல் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த பி.எம்.டபிள்யூ இசட்4 ஒன்றைக் கோத்தகிரியில் சில ஆண்டுகளாக ஓட்டிவரும் எனக்கு, உண்மை ஏறக்குறைய அதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்ட இடமே தராத மலைச் சாலையில்தான் இந்த வண்டி கொடுத்த பணத்துக்கு உரிய இன்பத்தைத் தருகிறது. நான்குவழிச் சாலையில் கூரையைத் திறந்துகொண்டு நூறில் போனால் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும்.

கூரை இல்லாததன் பெரிய பயன் கொண்டை ஊசி வளைவுகளில் தெரிகிறது. சாதாரணக் காரில் வளைவை நெருங்கும்போது, மேலே செல்லும் அடுத்த அடுக்குச் சாலையைக் கூரையின் விளிம்பும் கண்ணாடியை ஒட்டிய தூணும் மறைத்துவிடும். கூரை திறந்திருந்தால் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாலே போதும்: மேலிருந்து பேருந்து இறங்குகிறதா, எந்த இடத்தில் ஒதுங்கி நின்றால் இருவருக்கும் வசதி என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். ஹாரன் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெளிவாகக் கேட்கும். இதை நான் பாதுகாப்பு வசதியாகவே கருதுகிறேன், விளம்பரங்களில் ஒருவரும் சொல்லாவிட்டாலும். மற்ற இன்பங்கள் இதற்குப் பிறகுதான்: டீ ஃபேக்டரியைக் கடக்கும்போது வரும் வாடிய இலையின் மணம், குன்னூரிலிருந்து பர்லியாறு நோக்கி இறங்கும்போது பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் கேட்கும் மலை ரயிலின் ஊதல், ஒவ்வொரு வளைவிலும் சற்றே கூடிக்கொண்டு போகும் வெப்பம்.

எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் இந்த உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும். தொட்டபெட்டா சந்திப்பை நெருங்கும்போது இழப்பு இன்னும் கூடும். என்னுடைய 35i மாடலில் உள்ள மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு இரண்டு டர்போக்கள் உண்டு என்பதால், மெலிந்த காற்றை அவை அழுத்திக் கொடுத்துப் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகின்றன. 306 குதிரைத்திறன் என்ற எண் இங்கே பெருமைக்கு மட்டுமே உதவும். எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 1,300 சுற்றுகளைத் தொடும்போதே 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைத்துவிடுகிறது என்பதுதான் வளைவிலிருந்து வெளியேறி ஏறுவோருக்கு வேண்டிய செய்தி. இறக்கத்தில் இரண்டாவது கியரைப் பிடித்துவைத்து, பிரேக்கைச் சூடாக்காமல் இறங்க முடிகிறது.

ரோட்ஸ்டர் என்றால் எடை குறைவாக இருக்க வேண்டும் என்பது ரசிகர்களின் பழைய வாதம். 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் குறைவான எடையோடு அந்த வாதத்துக்கு உயிர் கொடுத்தது. அந்த அளவுகோலின்படி ஒன்றரை டன்னைத் தாண்டும் என் வண்டி குண்டுதான், மறுக்கவில்லை. ஆனாலும் பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால், தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும்போது, வண்டி நம் இடுப்பைச் சுற்றித் திரும்புவது போன்ற உணர்வு எந்தச் செடானிலும் கிடைப்பதில்லை. வெளித்தோற்றத்தை ஜூலியானே பிளாசியும் உட்புறத்தை நாடியா அர்னாவுட்டும் வடிவமைத்தார்கள். பக்கவாட்டில் ஓடும் அந்தக் கோடுகளைப் பார்ப்பதற்காகவே வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்துவது என் வழக்கம்.

இசட்4 ரோட்ஸ்டர் வரிசையில் இந்தத் தலைமுறைக்கு மட்டுமே மடியும் உலோகக் கூரை. முந்தைய, பிந்தைய தலைமுறை ரோட்ஸ்டர்களுக்குத் துணிக் கூரைகள். அலுமினியக் கூரை ஏறத்தாழ இருபது விநாடிகளில் மடிந்து டிக்கிக்குள் போய்விடும். குரங்குகள் காருக்கு மேல் ஏறி உட்காரும் நீலகிரியில் துணிக் கூரையை நம்பி வெளியே நிறுத்த எனக்குத் துணிவில்லை. உலோகத்துக்கு நாம் தரும் விலை டிக்கியில் தெரியும்: கூரை மூடியிருந்தால் 310 லிட்டர், திறந்தால் 180. பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதல் நாளே டிக்கியை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எத்தனை மூட்டை இலை ஏத்தலாங்க?” என்று கேட்டார். அவருக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. ஓட்டுநர் மிகவும் பின்னால் உட்காருவதால், சந்துகளிலிருந்து பிரதான சாலைக்கு வரும்போது நம் கண்ணுக்கு முன்பே பானெட் சாலையில் போய் நின்றுவிடுகிறது. உயரமான வேகத்தடைகளைக் குறுக்காகத்தான் ஏற வேண்டும். காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர்களின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் குழிகள் முதுகில் தெரியும், ஸ்டெப்னியும் கிடையாது. மாலையில் காட்டெருமைகள் சாலையோரம் நிற்கும் இடங்களில் நான் கூரையைத் திறப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் வலுவாக இருக்கும் என்பதால், அப்போது இது வெறும் இரண்டு இருக்கைக் கார். ஜனவரி மாதக் காலைகளில், பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பிவிட்டு, தலைக்குக் குல்லாவோடு போவதுதான் ஆண்டின் சிறந்த ஓட்டம். குளிருக்குப் பயந்தவர்களுக்கு இந்த வண்டி பொருந்தாது.

இந்தத் தலைமுறையின் உற்பத்தி 2016-இல் நின்றுவிட்டதால், இப்போது பழைய வண்டிதான் கிடைக்கும். மலையில் வைத்துக்கொள்ள வாங்குவோர் எஞ்சினைவிடக் கூரையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். தைல மரத்தின் இலையும் சில்வர் ஓக்கின் சருகும் கூரையைச் சுற்றியுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிட்டால், தண்ணீர் டிக்கியின் பள்ளமான மூலையில் தேங்கி, அங்கேயே இருக்கும் ஹைட்ராலிக் மோட்டாரைக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு சிறியதல்ல. ஆகவே டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஈரமோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். கூரையைப் பலமுறை திறந்து மூடச் சொல்லி, பாதியில் தயங்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு கூரையை மூடி, விளிம்பை ஒட்டி ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றிய தண்ணீர் அடியில் தரைக்கு வந்து சேருகிறதா என்பதைப் பார்த்த பிறகு விலை பேசலாம்.