காப்மைண்டர் குமிழி வரைபடம்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006இல் டெட் சொற்பொழிவு மேடையில் ஓடியாடி விளக்கிய, காப்மைண்டர் இணையதளத்தின் குமிழி வரைபடத்தைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கிடை அச்சில் தலா வருமானம், செங்குத்து அச்சில் சராசரி ஆயுள். நாட்டுக்கு ஒரு குமிழி. மக்கள்தொகைக்கு ஏற்ப அதன் அளவு. ப்ளே பட்டனை அழுத்தினால் 1800இலிருந்து உலகம் நகர ஆரம்பிக்கும்.

பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எனக்கு விஷயம் புரிந்ததெல்லாம் அதை நிறுத்திய பிறகுதான். இத்தனை குமிழிகள் ஒன்றாக நகர்ந்தால் கண் எதைத்தான் தொடரும்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2008இல் இதைச் சோதித்தது. நகரும் படத்தை மக்கள் ரசித்தார்கள். ஆனால் தாங்களாகவே தரவைத் துருவியபோது அசையாத படங்களில்தான் விடை சீக்கிரம் கிடைத்தது.

அதனால் நான் ஒரு நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் தடத்தைக் காட்டச் சொல்வேன். இலங்கையைப் பாருங்கள். 1940களின் பிற்பகுதியில் குமிழி வலப்பக்கம் பெரிதாக நகராமல் விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. வருமானம் கூடாமல் ஆயுள் எப்படிக் கூடியது? வரைபடம் பதில் சொல்லாது. தேடிப் படித்தால் தீவு முழுக்க டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியதும், இலவச மருத்துவமும் தெரியவரும். இப்படித்தான் இந்தியாவின் தடம் 1918இல் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்குவதைப் பார்த்து, ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அந்த இன்ஃபுளுயன்சாவைப் பற்றி நிறையப் படித்தேன்.

அப்புறம், வருமான அச்சின் அளவுகோலை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். சாதாரண அளவுகோலில் ஏழை நாடுகள் எல்லாம் இடது ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும். மடக்கை அளவுகோலில் 1,000 டாலர் 2,000 ஆவதும், 16,000 டாலர் 32,000 ஆவதும் ஒரே தூரம். ஏழைக் குடும்பத்துக்கு வருமானம் இரட்டிப்பாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ஒரு மாற்றத்தில் விளங்கும்.

மற்றவர்களுக்குக் காட்டும்போது முதலில் ஊகிக்கச் சொல்கிறேன்: ஆயுள் எங்கே அதிகம், இந்தியாவிலா வங்கதேசத்திலா? பெரும்பாலும் இந்தியா என்பார்கள். வங்கதேசத்தின் குமிழி மேலே நிற்பதைப் பார்த்ததும் அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வருகிறது.

குறை என்றால், பழைய ஆண்டுகளின் எண்கள் பெரும்பாலும் தோராய மதிப்பீடுகள். குமிழி சீராக வழுக்கிச் செல்வதால் அது மறந்துபோகும். ஒரே குமிழிக்குள் கேரளமும் பீகாரும் கலந்துவிடுகின்றன. கணினியில் நிறுவிக்கொள்ளும் பதிப்பில் சொந்தத் தரவையும் ஏற்றலாம். மாநில எண்களை நான் அதில்தான் பார்க்கிறேன்.