கழித்ததைத் திறந்து பாருங்கள்: பிக்ஸ்இன்சைட்டை நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

வானியல் படங்களை ப்ராசஸ் செய்யும் சாஃப்ட்வேரான பிக்ஸ்இன்சைட் என்றதும் முதலில் காதில் விழுவது "ரொம்பக் கஷ்டம்" என்பதுதான். அதில் பாதிதான் உண்மை. எந்த விண்டோ எங்கே, எந்த பட்டன் எதற்கு என்பதெல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். நாள் பிடிப்பது வேறு. டீப் ஸ்கை (நெபுலா, கேலக்ஸி போன்ற தொலைதூரப் பொருள்கள்) படத்தை ப்ராசஸ் செய்யும் ஒவ்வொரு படியிலும் எதையாவது கழிக்கிறோம்: சென்சார் சூட்டின் சுவடு, ஒளி மாசு, செயற்கைக்கோள் கோடு, நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்). அதோடு நெபுலாவின் மெல்லிய ஒளியும் சேர்ந்து போய்விட்டதா என்று கண்டுபிடிக்கத் தெரிவதுதான் இதில் உண்மையான படிப்பு. அதற்கு இந்த சாஃப்ட்வேர் நிறையவே இடம் கொடுக்கிறது. பெரும்பாலான படிகளில், கழித்தது என்ன என்பதைத் தனிப் படமாகக் கையில் தந்துவிடுகிறது, அல்லது நாமே அதை எடுத்துப் பார்க்க வழி வைத்திருக்கிறது. அந்தப் படங்களைத் திறக்காமலே மூடிவிடுகிறவருக்கு இது வெறும் கடினமான சாஃப்ட்வேராகத்தான் கடைசி வரை இருக்கும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 45 நாள் சோதனை உரிமம் இலவசம். மாதச் சந்தா கிடையாது, ஒருமுறை வாங்கினால் போதும். சோதனை உரிமத்தை எடுப்பதற்கு முன்பே ஒரு பொருளின் முழு டேட்டாவையும் டார்க் (மூடியை மூடி எடுத்த ஃபிரேம்), ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுத்த ஃபிரேம்) இரண்டோடும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த 45 நாளில் பாதி மேகம் விலகக் காத்திருப்பதிலேயே போய்விடும்.

கம்ப்யூட்டரில் முதலில் திணறுவது வட்டுதான். 6248×4176 பிக்சல் கொண்ட ஐஎம்எக்ஸ்571 கலர் சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேம் 16 பிட்டில் சுமார் 52 எம்பி. காலிப்ரேட் (டார்க், ஃபிளாட்டால் திருத்தம்) ஆனதும் அது 32 பிட்டில் 104 எம்பி ஆகிறது. டிபேயர் செய்தால் (கலர் படமாக மாற்றினால்) மூன்று சேனலும் சேர்ந்து 313 எம்பி, அலைன் செய்தால் (நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால்) இன்னொரு 313 எம்பி. ஆக ஒரு ஃபிரேமுக்கு 730 எம்பி, 100 ஃபிரேமுக்கு 73 ஜிபி. எல்லா ஃபிரேமையும் சேர்த்த மாஸ்டர் ஃபைல் கிடைத்ததும் இடைநிலை ஃபைல்களை அழித்துவிடலாம். அதுவரை வேகமான எஸ்எஸ்டியில் இடம் காலியாக இருக்க வேண்டும். ஸ்வாப் ஃபோல்டரையும் (தற்காலிக ஃபைல்கள் போகும் இடம்) அதே எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள். 32 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி.

புதியவர்களைத் தவறாமல் குழப்புவது எஸ்டிஎஃப், அதாவது ஸ்கிரீன் டிரான்ஸ்ஃபர் ஃபங்க்ஷன். ஸ்டாக் ஆகி (பல ஃபிரேம்கள் ஒன்றாகச் சேர்ந்து) வந்த படம் திரையில் கன்னங்கரேலென்று இருக்கும். கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் நெபுலா பளிச்சென்று வந்துவிடும். அப்படியே ஜேபெக்காகச் சேமித்தால் மறுபடியும் கறுப்பு. எஸ்டிஎஃப் திரைக்கு மட்டும் வெளிச்சம் கூட்டுகிறது, பிக்சல் மதிப்பைத் தொடுவதே இல்லை. மவுஸை வானப் பின்னணியில் வைத்துக் கீழே காட்டும் எண்ணைப் படியுங்கள். 0.01, 0.005 என்று இருந்தால் படம் இன்னும் லீனியர் (பிரகாசத்தை விரிக்காத) நிலையில் இருக்கிறது. கிரேடியன்ட் (ஒளி மாசால் வரும் வெளிச்சச் சரிவு) நீக்கம், கலர் காலிப்ரேஷன், டீகன்வல்யூஷன் (மங்கலைக் கூர்மையாக்குவது) மூன்றும் இந்த நிலையிலேயே முடிய வேண்டும். கலர் கேமரா படம் கன்ட்ரோல்-ஏ அழுத்தியதும் பச்சையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். சேனல்களை இணைக்கும் சங்கிலி ஐகானை அணைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

ஸ்டாக்கிங்குக்கு வெயிட்டட் பேட்ச் ப்ரீப்ராசசிங் ஸ்கிரிப்ட். லைட் (பொருளை எடுத்த ஃபிரேம்), டார்க், ஃபிளாட், பயஸ் (மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுத்த டார்க்) எல்லாவற்றையும் உள்ளே போட்டால் இரவோடு இரவாக முடித்து வைத்துவிடும். அதன் வசதியே அதன் ஆபத்தும்கூட, தவறான டார்க்கைக் கொடுத்தாலும் முடித்துத் தந்துவிடும். ஓட விடுமுன் காலிப்ரேஷன் டேபைத் திறந்து, எந்த லைட்டுக்கு எந்த டார்க், எந்த ஃபிளாட் பொருத்தியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். டார்க்கின் எக்ஸ்போஷர், கெயின், ஆஃப்செட் (கேமரா கூட்டும் அடிப்படை மதிப்பு), வெப்பநிலை நான்கும் லைட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்ப் க்ளோ (சென்சார் மின்சுற்றே விடும் ஒளிர்வு) உள்ள சீமாஸ் கேமராவுக்கு டார்க் ஆப்டிமைசேஷனை அணைத்தே வையுங்கள். அந்த ஒளிர்வு மற்ற டார்க் சிக்னலைப் போல ஒரே விகிதத்தில் கூடிக் குறையாது, பெருக்கிச் சரிசெய்யப் போனால் மூலையில் கறை நின்றுவிடும்.

ஃபிளாட் சரியாக வேலை செய்யவில்லை என்றால் காரணத்தைப் படத்திலேயே படிக்கலாம். ஃபிளாட்டிலிருந்து பயஸோ ஃபிளாட் டார்க்கோ (ஃபிளாட்டின் எக்ஸ்போஷரிலேயே எடுத்த டார்க்) கழிக்காமல் விட்டால் திருத்தம் குறைவாகும், மூலைகள் இருட்டாகவே இருக்கும். ஃபிளாட் சரியாக இருந்து லைட்டிலிருந்து ஆஃப்செட் கழியாவிட்டால் நேர் எதிர்: மூலைகள் வெளிறும், தூசு வளையங்கள் இருட்டாக இல்லாமல் வெளிச்சமாகத் தெரியும். இந்த இரண்டு அடையாளமும் மனதில் இருந்தால் ஃபிளாட்டை மறுபடி எடுப்பதா, செட்டிங்கை மாற்றுவதா என்பது உடனே தெரிந்துவிடும். குறும்பட்டை ஃபில்டரில் (குறுகிய நிறப் பட்டையை மட்டும் விடுவது) இன்னொரு தொல்லை உண்டு. வானம் அவ்வளவு இருட்டு என்பதால் டார்க்கைக் கழித்ததும் பல பிக்சல்கள் பூஜ்யத்துக்குக் கீழே போய் வெட்டுப்படும். அவுட்புட் பெடஸ்டல் (எல்லா பிக்சலுக்கும் கூட்டும் மதிப்பு) 100 முதல் 200 வரை கொடுத்தால் தப்பிக்கும்.

மாஸ்டர் லைட்டைத் திறக்கும்போது கூடவே ரிஜெக்ஷன் மேப்புகளும் (ஸ்டாக்கில் ஒதுக்கிய பிக்சல்களைக் காட்டும் படங்கள்) திறக்கும். பெரும்பாலோர் அவற்றை உடனே மூடிவிடுகிறார்கள். ரிஜெக்ஷன் ஹை மேப்புக்கு (அதிகப் பிரகாசம் என்று ஒதுக்கியவை) ஒரு கன்ட்ரோல்-ஏ போட்டுப் பாருங்கள். விமானம், செயற்கைக்கோள் கோடுகள் மெல்லிய கீற்றுகளாகவும் மற்ற இடமெல்லாம் சீரான மணல் போலவும் இருந்தால் நல்லது. நட்சத்திரங்களைச் சுற்றி வெள்ளை வளையங்களோ கேலக்ஸியின் உருவமோ அதில் தெரிந்தால், நல்ல டேட்டாவையே தூக்கி எறிந்திருக்கிறோம். ஃபோகஸ் நகர்ந்த ஃபிரேம்களையும் நல்ல ஃபிரேம்களையும் கலந்ததுதான் இதற்கு வழக்கமான காரணம். சப்ஃபிரேம் செலக்டரில் எஃப்டபிள்யூஹெச்எம் (நட்சத்திரத்தின் அகலம்) வரைபடத்தைப் பார்த்து, திடீரென்று எகிறும் ஃபிரேம்களைத் தள்ளிவிட்டு மறுபடி ஸ்டாக் செய்தால் மேப் தெளிந்துவிடும். ஃபிரேம் 10-க்குக் குறைவென்றால் எந்த அல்காரிதமும் கோடுகளை முழுதாக நீக்கும் என்று சொல்ல முடியாது. 10 முதல் 20 வரை வின்சரைஸ்டு சிக்மா என்ற ரிஜெக்ஷன் முறை, அதற்கு மேல் தாராளமாக இருந்தால் ஈஎஸ்டி முறை. தடித்த கோடுகளின் ஓரம் மட்டும் மிஞ்சினால் லார்ஜ் ஸ்கேல் ரிஜெக்ஷனை ஹை பக்கத்தில் இயக்குங்கள்.

அடுத்தது கிரேடியன்ட். அதிக நேரம் செலவழிக்கத் தகுந்த படி இதுதான், அதிகப் படங்கள் கெடுவதும் இங்கேதான். முதலில் ஓரங்களை வெட்டிவிடுங்கள். டிதரிங்கால் (ஃபிரேமுக்கு ஃபிரேம் டெலஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்துவதால்) ஓரத்தில் குறைவான ஃபிரேம்களே குவிந்திருக்கும், அந்தப் பட்டை மாடலைக் குழப்பும். டைனமிக் பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்ஷனில் சாம்பிள்களை (பின்னணியை அளக்கும் சிறு சதுரங்கள்) தானாக நிரப்ப விட்டால் அவை ஆந்த்ரோமீடா கேலக்ஸியின் வெளிப்புற ஒளிவட்டத்தின் மேலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒளிவட்டம் வானப் பின்னணியைவிடக் கொஞ்சமே பிரகாசம், அதனால் கருவி அதையும் பின்னணியாக எடுத்துக்கொள்கிறது. சாம்பிள் சிவப்பாகி மறுக்கப்பட்டால் டாலரன்ஸை ஏற்றி ஏற்றி அதை ஏற்றுக்கொள்ள வைப்பது பொதுப் பழக்கம். 0.5-லிருந்து 1 வரை பரவாயில்லை. அதற்கு மேல் ஏற்ற வேண்டிய நிலை வந்தால் அந்த சாம்பிளே தவறான இடத்தில் இருக்கிறது, அழித்துவிடுங்கள்.

ஒளி மாசுக்கு கரெக்ஷனில் சப்ட்ராக்ஷன், ஃபிளாட் இல்லாத விக்னெட்டிங்குக்கு (மூலை இருட்டுக்கு) டிவிஷன். ஓட விட்டதும் பின்னணி மாடல் தனி விண்டோவாக வரும். திருத்திய படத்தைப் பார்க்குமுன் அந்த மாடலைப் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வழவழவென்று சரிந்தால் சரி. நடுவில் கேலக்ஸி இருக்கும் இடத்தில் மங்கிய மேடு தெரிந்தால் ஒளிவட்டத்தைக் கழித்துவிட்டோம் என்று பொருள். அதன் விளைவு திருத்திய படத்தில் கேலக்ஸியைச் சுற்றி ஒரு கரிய அகழியாகத் தெரியும், ஸ்ட்ரெச் செய்யச் செய்ய (பிரகாசத்தை விரிக்க விரிக்க) ஆழமாகும். கிரேடியன்ட் இயல்பிலேயே வழவழப்பானது, அதைப் பிடிக்கப் பத்து இருபது சாம்பிள் போதும். என்ஜிசி 7000 மாதிரி ஃபிரேம் முழுக்க நெபுலா நிறைந்த படத்தில் ஏழெட்டே வைத்தாலும் தப்பில்லை. ஆட்டோமேட்டிக் பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்டரைப் பயன்படுத்துவதானால் ஃபங்க்ஷன் டிகிரியை 4-லிருந்து 1-க்கோ 2-க்கோ இறக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் கிராஎக்ஸ்பெர்ட்டும் நல்ல வேலை செய்கிறது. அதிலும் மாடலைச் சேமித்துத் திறந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

நிறத்துக்கு எஸ்பிசிசி (ஸ்பெக்ட்ரோஃபோட்டோமெட்ரிக் கலர் காலிப்ரேஷன்). படத்திலுள்ள நட்சத்திரங்களை கயா விண்கலத்தின் டிஆர்3 ஸ்பெக்ட்ரம் தரவோடு ஒப்பிட்டு வெள்ளையைத் தீர்மானிக்கிறது. கண்ணால் இழுத்து வைத்த நிறத்தைவிட இது எவ்வளவோ மேல். அதற்குமுன் இமேஜ் சால்வர் (படம் வானத்தின் எந்த இடம் என்று கண்டுபிடிப்பது) ஓடியிருக்க வேண்டும், கயா தரவை இறக்கி இணைத்திருக்க வேண்டும், சென்சாரையும் ஃபில்டரையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்ததும் வரும் வரைபடத்தில் புள்ளிகள் கோட்டை ஒட்டி நின்றால் நம்பலாம். மேகம் போலச் சிதறியிருந்தால் ஃபில்டர் தேர்வை முதலில் சந்தேகியுங்கள். பின்னணிக்கு நெபுலா இல்லாத சிறு பகுதியை ப்ரிவியூவாக வரைந்து அதையே கொடுத்தால் வானம் நடுநிலைச் சாம்பலாக அமையும்.

கூர்மைக்கும் நாய்ஸுக்கும் நட்சத்திரங்களைப் பிரிப்பதற்கும் இன்று பெரும்பாலோர் வாங்குவது ப்ளர்எக்ஸ்டர்மினேட்டர், நாய்ஸ்எக்ஸ்டர்மினேட்டர், ஸ்டார்எக்ஸ்டர்மினேட்டர் மூன்றும். இவை பிக்ஸ்இன்சைட்டோடு வருபவை அல்ல, தனியாகப் பணம் கட்ட வேண்டும். வரிசை முக்கியம். எஸ்பிசிசிக்கு முன் ப்ளர்எக்ஸ்டர்மினேட்டரை கரெக்ட் ஒன்லி முறையில் ஓட்டினால் ஓரத்து நட்சத்திரங்களின் நீட்சி சரியாகும். முழுக் கூர்மை எஸ்பிசிசிக்குப் பிறகு. நாய்ஸ் குறைப்பது அதற்கும் பிறகுதான். நாய்ஸை முதலில் வழித்துவிட்டு டீகன்வல்யூஷன் செய்தால், வழித்ததில் மிஞ்சிய திட்டுக்களை அது நிஜ வடிவம் என்று எண்ணிக் கூர்மையாக்கும். சுருள் கரங்களில் புழு நெளிவது போன்ற இழைகள் தோன்றுவது அப்படித்தான்.

நாய்ஸ் குறைத்ததில் எவ்வளவு போனது என்று தெரிய பிக்சல்மேத் (படங்களைக் கூட்டிக் கழிக்கும் கருவி) இருக்கிறது. குறைப்பதற்கு முன் படத்தை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். குறைத்த பின் நகலிலிருந்து குறைத்த படத்தைக் கழித்து, 0.1 கூட்டிப் புதுப் படமாக்கி, எஸ்டிஎஃப் போடுங்கள். வெறும் மணல் தெரிந்தால் நல்லது. அதில் கரங்களோ தூசுப் பட்டைகளோ நிழலாடினால் அளவைக் குறையுங்கள். 0.9-ல் மெழுகு பூசியது போல ஆகும் படம் 0.6-ல் இயல்பாக இருக்கும். கொஞ்சம் மணல் மிஞ்சியிருப்பதில் குறையே இல்லை. ஸ்டார்எக்ஸ்டர்மினேட்டர் தரும் நட்சத்திரப் படத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். எம் 33 கேலக்ஸியின் கரங்களிலுள்ள என்ஜிசி 604 போன்ற பிரகாசமான ஹைட்ரஜன் முடிச்சுகளும், தூரத்துச் சின்ன கேலக்ஸிகளும் சில சமயம் நட்சத்திரங்களோடு சேர்ந்து போய்விடும்.

ஸ்ட்ரெச்சுக்கு என் தேர்வு ஜெனரலைஸ்டு ஹைப்பர்போலிக் ஸ்ட்ரெச். எந்தப் பிரகாசத்தைச் சுற்றி விரிக்க வேண்டும் என்பதை எஸ்பி புள்ளியால் நாமே சொல்லலாம். ஒரே மூச்சில் இழுக்காமல் மூன்று நான்கு தடவையாக, ஒவ்வொரு முறையும் ஹிஸ்டோகிராமின் இடது சரிவில் எஸ்பியை வைத்து விரியுங்கள். பின்னணி 0.08-க்கும் 0.12-க்கும் இடையே நின்றால் போதும். வானத்தை முழுக் கறுப்பாக்க பிளாக் பாயிண்டை நகர்த்தும் ஆசை எல்லோருக்கும் வரும். நகர்த்தும்போது எத்தனை பிக்சல் வெட்டுப்படுகிறது என்று ஹிஸ்டோகிராம் விண்டோவே காட்டும், அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கட்டும். எம் 42-ன் (ஓரியன் நெபுலாவின்) மையம் மட்டும் விதிவிலக்கு. நீண்ட எக்ஸ்போஷரில் ட்ரப்பீசியம் நட்சத்திரங்கள் ஏற்கெனவே நிறைந்து வழிந்திருக்கும், எந்த ஸ்ட்ரெச்சும் அதை மீட்காது. சில விநாடி எக்ஸ்போஷர்களைத் தனியாக எடுத்து எச்டிஆர் காம்போசிஷனில் சேர்ப்பதுதான் வழி.

நட்சத்திரங்களைத் திரும்பச் சேர்க்கும்போது வெறும் கூட்டல் வேண்டாம், பிரகாசமான இடங்கள் வெட்டுப்படும். ஸ்க்ரீன் முறைக் கணக்கு, 1 − (1 − நட்சத்திரமற்ற படம்) × (1 − நட்சத்திரப் படம்). ஸ்ட்ரெச் செய்த படத்திலிருந்து நட்சத்திரங்களைப் பிரிப்பதானால் ஸ்டார்எக்ஸ்டர்மினேட்டரில் அன்ஸ்க்ரீன் பெட்டியை டிக் செய்திருக்க வேண்டும், அப்போதுதான் இந்தக் கணக்கு பொருந்தும்.

குறைகளும் உண்டு. உள்ளே இருக்கும் ஆவணங்கள் சில கருவிகளுக்கு அருமை, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. ஐகான்களும் இழுத்துப் போடும் முக்கோணமும் வேறெந்த சாஃப்ட்வேரிலும் பார்த்திராதவை. லேயர் வைத்து வேலை செய்தவர்களுக்கு மாஸ்க் முறை முதலில் எரிச்சலாகவே இருக்கும். ஒரு சின்ன டெலஸ்கோப், ஒரு கலர் கேமரா, மாதம் ஒன்றிரண்டு படம் என்றால் இலவச சாஃப்ட்வேரான சிரில் தாராளமாகப் போதும். ஸ்டாக்கிங், பின்னணி நீக்கம், ப்ளேட் சால்விங், ஹைப்பர்போலிக் ஸ்ட்ரெச் எல்லாம் அதிலும் உண்டு, நினைவகமும் குறைவாகவே கேட்கும். மோனோ கேமராவில் பல ஃபில்டர், பல இரவு டேட்டா, மொசைக் என்று போகிறவர்களுக்கு பிக்ஸ்இன்சைட் கொடுத்த காசுக்கு மேல் வேலை செய்யும்.

வாங்கிவிட்டால் முதல் நாளிலிருந்தே செட்டிங்குகளை ப்ராசஸ் ஐகானாக டெஸ்க்டாப்பில் இறக்கி, வரிசைப்படி பெயர் வைத்துச் சேமியுங்கள். முழு ப்ராஜெக்டையும் சேமித்தால் அன்டூ வரலாறும் கூடவே வரும், ஃபோல்டர் பல ஜிபிக்குப் பெருக்கும். நட்சத்திரங்களை நீக்குமுன்னும் ஸ்ட்ரெச் செய்யுமுன்னும் லீனியர் படத்தைத் தனி எக்ஸ்ஐஎஸ்எஃப் (பிக்ஸ்இன்சைட்டின் சொந்த வடிவம்) ஃபைலாக எடுத்து வைத்தால், ப்ராஜெக்டை அழித்த பின்பும் அங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.