சான் ஹொசேயில் டயர் இறங்கினால் நடுரோட்டில் வண்டியை நிறுத்தாதீர்கள்

கோஸ்டா ரிக்கா போய் வாடகைக் கார் எடுக்க நினைப்பவர்கள், புறப்படும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் லேப்டாப்பும் கேமராவும் மாற்றுடைகளும் இருந்த பை ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டது. பொருள் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்படி நடக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் என் கையில் சாவியைக் கொடுத்தார்கள். அதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

தலைநகர் சான் ஹொசேக்கான ஹுவான் சாந்தாமரியா விமான நிலையம் அந்த நகரத்துக்குள் இல்லை. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, அலஹுவேலா என்கிற ஊரை ஒட்டி இருக்கிறது. கார் வாடகை அலுவலகங்கள் பெரும்பாலும் நிலையத்துக்கு வெளியே, சுற்றியுள்ள சாலைகளில். வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார்கள்.

முதல் அடி அங்கேயே விழுந்தது. இணையத்தில் பார்த்த வாடகை மிகக் குறைவு. கவுன்ட்டரில் நின்றபோது, அந்த வாடகையைவிட அதிகமாகக் காப்பீட்டுத் தொகை சேர்ந்தது. மூன்றாம் தரப்புக் காப்பீடு அந்த நாட்டில் கட்டாயம். உங்கள் கிரெடிட் கார்டு தரும் காப்பீடு இதற்கு ஈடாகாது. சட்டம் அப்படித்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்டாயம் என்று தெரிந்த தொகையை முன்பதிவின்போதே விலையோடு சேர்த்துக் காட்டாமல், களைத்துப்போய் வந்து இறங்கியவரிடம் கடைசி நிமிடத்தில் சொல்வது நியாயமே இல்லை. முன்பதிவு செய்யும்போதே, "எல்லாக் கட்டாயக் காப்பீடும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வாங்குவதற்காகக் காரில் இருந்த ஒவ்வொரு கீறலையும் என்னோடு சுற்றிவந்து காட்டினார் அந்த ஊழியர். அவ்வளவு பொறுமையாகப் பேசியவர், சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

பக்கத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தண்ணீரும் சிம் கார்டும் வாங்கிக்கொண்டு, ஹெனரல் கான்யாஸ் நெடுஞ்சாலையில் சான் ஹொசே நோக்கிக் கிளம்பினேன். அங்கே வருஷம் முழுக்க மாலை ஆறு மணி வாக்கிலேயே இருட்டிவிடும். லா உருகா பகுதியை நெருங்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பின்னால் வந்த கார் ஒன்று விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. உள்ளே இருந்தவர்கள் என் பின்சக்கரத்தைக் கையால் காட்டினார்கள். ஓரம் கட்டினேன். இரண்டு இளைஞர்கள் இறங்கி வந்தார்கள். சிரித்த முகம், உடைந்த ஆங்கிலம், கையில் ஜாக்கி. ஒருவன் என்னைப் பின்னால் அழைத்து டிக்கியைத் திறக்கச் சொல்லி, ஸ்டெப்னியை வெளியே எடுக்கக் கை கொடுத்தான். மற்றவன் முன்பக்கம் போனான். கதவு சாத்திய சத்தம் மட்டும் கேட்டது. என்ன ஏது என்று நான் நிமிர்வதற்குள் இருவரும் காரில் ஏறிப் போயே போய்விட்டார்கள். இருக்கையில் இருந்த பை இல்லை.

டயரை எங்கே கிழித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சூப்பர்மார்க்கெட் வாசலாக இருக்கலாம், சிக்னலாகவும் இருக்கலாம். ஆனால் அது ஆணி குத்திய பஞ்சர் அல்ல. டயரின் பக்கவாட்டில் கத்தி நுழைந்த நீளத்துக்கு ஒரு கீறல். வேகமாகக் காற்று போகாமல், கொஞ்ச தூரம் ஓடவிட்டு இறங்கும்படி போட்ட கீறல்.

அதைக் காட்டியது சாலையோரத்தில் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு அம்மாவின் மருமகன். நான் திகைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கடையை விட்டு ஓடி வந்தார். "இங்கே நிற்காதே, உள்ளே வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவரே 911-ஐ அழைத்தார். நம் ஊர் வெல்லம் போன்ற ஒன்றைச் சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். மருமகன் ஸ்டெப்னியை மாட்டி முடித்தார். நான் நீட்டிய பணத்தை இருவருமே தொடவில்லை. அந்தச் சாலையில் இதே மாதிரி நடந்ததைப் பார்த்திருப்பதாக அந்த அம்மா சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். என்மேல் அவருக்கு ஒரு கடனும் கிடையாது. நான் காசு கொடுத்தது வேறு ஒருவருக்கு.

வந்த போலீசார் நல்லபடியாகவே பேசினார்கள். ஆனால் புகாரை அவர்கள் பதிவதில்லை. அதற்கு நீதித்துறையின் கீழ் இருக்கும் ஓ.ஐ.ஜே. (OIJ) என்கிற புலனாய்வு அமைப்பின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பொருட்களின் பட்டியல், வரிசை எண்கள் கேட்பார்கள். லேப்டாப், கேமராவின் எண்களை மின்னஞ்சலில் சேமித்து வைத்திருந்தால் வேலை சுலபம். அந்தப் புகார்த்தாள் இல்லாமல் பயணக் காப்பீடு ஒரு பைசா தராது.

பாஸ்போர்ட் என் இடுப்புப் பையில் இருந்ததால் தப்பித்தேன். அது போயிருந்தால் பெரும்பாடு. கோஸ்டா ரிக்காவுக்கும் பொறுப்பான இந்தியத் தூதரகம் பக்கத்து நாட்டில், பனாமா நகரில் இருக்கிறது. ஊருக்குள் சுற்றும்போது அசல் பாஸ்போர்ட்டை விடுதியில் பூட்டிவைத்து, நுழைவு முத்திரை உள்ள பக்கத்தோடு நகல் வைத்துக்கொண்டால் போதும். சுற்றுலாப் பயணிகளிடம் நகலை ஏற்கிறார்கள்.

காரைத் திருப்பப் போனபோது, அதே ஊழியர் டயரைப் பார்த்ததும் தயங்காமல் சொன்னார்: "ஓ, இதுவா? இங்கே அடிக்கடி நடப்பதுதான்." டயருக்குக் காப்பீடு கிடையாது என்று முழு விலையையும் என் டெபாசிட்டிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். அடிக்கடி நடப்பது என்றால் சாவி கொடுக்கும்போது சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "டயர் இறங்கினால் நிறுத்தாதீர்கள், உதவ வருகிறவர்களை நம்பாதீர்கள்" என்று கவுன்ட்டரில் ஒரு அட்டை எழுதி வைக்க என்ன செலவு? கீறலுக்குக் காட்டிய அக்கறையில் பாதியை வாடிக்கையாளரிடம் காட்டியிருக்கலாம்.

ஆகவே நானே சொல்கிறேன். டயர் இறங்கினால் விளக்கைப் போட்டுக்கொண்டு, மெதுவாக, அடுத்த பெட்ரோல் பங்க் வரை உருட்டிக்கொண்டே போங்கள். அங்கே எல்லாப் பங்க்கிலும் ஆள் இருந்துதான் பெட்ரோல் போடுகிறார்கள், வெளிச்சமும் உண்டு. சக்கரத்தின் விளிம்பு கெட்டாலும் பரவாயில்லை. கதவைப் பூட்டியே வையுங்கள். பை எதுவும் கண்ணில் படும்படி இருக்கக் கூடாது. கை காட்டுகிறவர்கள் எவ்வளவு சிரித்தாலும் கண்ணாடியை இறக்காதீர்கள்.

டாக்சியிலும் கவனம் தேவை. அனுமதி பெற்றவை சிவப்பு நிறம், கதவில் மஞ்சள் முக்கோணம், உள்ளே மீட்டர். விமான நிலைய டாக்சிகள் ஆரஞ்சு. பேருந்து நிலையத்தில் ஒருவர் தாமாக வந்து "இன்று பஸ் ஓடாது" என்றார். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அலஹுவேலா போகும் பஸ் மெர்சேத் பூங்கா அருகிலிருந்து கிளம்பி விமான நிலையம் வழியாகவே போகிறது, டாக்சிக் கட்டணத்தில் சிறு பங்குகூட ஆகாது. தெரு எண்ணை வைத்து அங்கே யாரும் வழி சொல்வதில்லை. இன்ன கட்டடத்திலிருந்து வடக்கே இருநூறு மீட்டர் என்பதுதான் முகவரி. சான் ஹொசேயை ஒட்டிய சான் பெத்ரோவில் எப்போதோ இல்லாமல்போன ஒரு மரம்கூட இன்னும் அடையாளமாக இருக்கிறது. விடுதியிடம் அந்த மாதிரி முகவரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது வழி தெரியாததுபோல் ஓட்டுநர் உங்களைச் சுற்றடிக்க முடியாது.

அந்த ஊரில் நானாகப் போய்க் கேட்ட எவரும் என்னை ஏமாற்றவில்லை. மத்தியச் சந்தையின் காய்கறிக் கடைக்காரர், பஸ் ஓட்டுநர், வழியில் நின்ற பள்ளிப் பிள்ளைகள், எல்லோரும் நின்று பதில் சொன்னார்கள். ஏமாற்றியவர்கள் அத்தனை பேரும் நான் கேட்காமலே உதவ வந்தவர்கள். அந்த அம்மாவும் கேட்காமல்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் என் வண்டியைத் திறக்கச் சொல்லவில்லை, தன் கடையைத் திறந்து விட்டார்.

டயர் பணத்தைத் திருப்பிக் கேட்டும், கவுன்ட்டரில் எச்சரிக்கை அட்டை வைக்கச் சொல்லியும் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.