ஜூஹு மணலா, மாதேரான் செம்மண்ணா?

ஜனவரி மும்பை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்ட மாட்டுங்கா, சயான், செம்பூர் நண்பர்களுக்குள் வாராவாரம் இந்தப் பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு ஜூஹு கடற்கரையா, மாதேரான் மலையா? கடலோரச் சாலையான மெரின் டிரைவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காற்று, காட்சி எல்லாம் சரி, காலுக்கடியில் முழுக்கக் காங்கிரீட்.

ஜூஹு கரை சுமார் 6 கி.மீ. அங்கே ஓட ஷூவைவிடக் காலண்டர் முக்கியம். கடல் உள்வாங்கியிருந்தால் ஈரமணல் இறுகி, அகலமாகக் கிடக்கும். ஏறியிருந்தால் மிஞ்சுவது உதிரி மணல், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நண்பகல் வாக்கில் கடல் ஏறும், விடியற்காலை ஆறு மணி வாக்கில் வற்றியிருக்கும். ஓட்டக்காரர்களுக்கு அந்த நாட்கள்தான். தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், அஷ்டமி வரும்போது விடியலில் தண்ணீர் மேலே நிற்கும். அஷ்டமி ஆகாது என்று பாட்டிகள் சொல்வது இங்கே பொருந்திவிடுகிறது! கரை கடல் பக்கம் சரிவதால் ஒரே திசையில் ஓடாமல் வந்த வழியே திரும்புங்கள், இடுப்பு தப்பிக்கும். மழைக்காலத்தில் கொட்டும் நீல ஜெல்லி மீன்கள் ஒதுங்கும், வெறுங்கால் வேண்டாம்.

திரும்பும்போது மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் இட்லி, ஃபில்டர் காபி. இதில் மாதேரான் தோற்றுத்தான் போகும்.

மற்றபடி என் ஓட்டு மாதேரானுக்கே. குர்லாவில் கர்ஜத் வண்டி பிடித்தால் நேரே நேரல், மாதேரானின் மலையடிவார ஸ்டேஷன். மலை உச்சி சுமார் 800 மீட்டர். வண்டிகளை நிறுத்தும் இடமான தஸ்தூரிக்கு மேல் சொந்தக் கார், பைக் போக முடியாது. 1907இல் வந்த பொம்மை ரயிலின் தண்டவாளத்தை ஒட்டி மரநிழலில் செம்மண் பாதை. அங்கிருந்து பனோரமா பாயின்ட் வரை ஓடிவிட்டு வந்தால் ஏற்றம் மூச்சைக் கேட்கும், இறக்கம் தொடையைக் கேட்கும். மாரத்தானின் பிற்பகுதியில் பெடர் ரோடு ஏற்றம் காத்திருக்கிறதே, தட்டை மணலில் ஓடி அதற்கு எப்படித் தயாராவது? மழையில் மட்டும் செம்மண் மோசமாக வழுக்கும். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள், குரங்குகள் விடாது.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குப் போரிவலி தேசியப் பூங்காவில் கன்ஹேரி குகைக்கு ஏறும் காட்டுச்சாலை இருக்கிறது. தார்ச்சாலைதான், திங்களன்று மூடியிருக்கும்.

ஞாயிறு மாதேரான் போகிறவர்கள் முதல் நாளே மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவது) அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பகலில் திரும்பும் வண்டிகள் இழுத்தடிக்கும்.