‘இயற்கைப் பிரிசர்வேட்டிவ்’ என்ற பெயரில் எனக்கு விற்கப்பட்டது என்ன?

கற்றாழை ஜெல், பன்னீர்த் தெளிப்பு, குளியல் திரவம் ஆகியவற்றை வீட்டில் செய்து உறவினர்களுக்குக் கொடுத்து வருகிறேன். இவற்றுக்கான மூலப்பொருள்களை இணையத்தில் விற்கும் ஒருவரிடம் சென்ற ஆண்டு ஏமாந்தேன். பொருள் கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் என்று அவர் விற்ற புட்டியை வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நூறு மில்லியின் விலை 680 ரூபாய். ‘முற்றிலும் இயற்கையான பிரிசர்வேட்டிவ், பாராபென் இல்லாதது’ என்று மட்டுமே சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். (பாராபென் என்பது செயற்கைப் பிரிசர்வேட்டிவ் வகை.) உள்ளே இருக்கும் பொருளின் பெயர், சேர்க்க வேண்டிய சதவீதம், அது வேலை செய்யும் பிஎச் அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஆகிய மூன்றில் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, “நூறு கிராமுக்கு நாலு சொட்டு போதும் மேடம், ஆறு மாசம் கெடாது” என்று குரல் பதிவு வந்தது. கலக்கும்போதே ஜெல்லின் மேல் எண்ணெய்த் துளிகள் மிதந்தன. நுண்ணுயிர்கள் பெருகுவது நீரில். நீரோடு சேராமல் மேலே மிதக்கும் பொருள் அங்கே என்ன காவல் காக்கும் என்ற ஐயம் எனக்கு அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நாள், நாத்தனாரிடம் கொடுத்திருந்த டப்பாவின் மூடிக்கு உட்புறம் சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. முந்தைய இரவுவரை அவர் அதை முகத்தில் பூசியிருக்கிறார். பூசணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பாக்டீரியா பெருகியிருக்கலாம் என்பதும், சூடோமோனாஸ் போன்றவை கண்ணுக்குள் போனால் பார்வைக்கே கேடு வரலாம் என்பதும் பின்னர் படித்தபோது எனக்கு உதறல் எடுத்தது. நல்லவேளையாகக் கன்னத்தில் சில தடிப்புகளோடு போயிற்று.

விற்றவர் முதலில் என் பாத்திரம் சுத்தமில்லை என்றார். பிறகு ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும் என்றார். ஃபிரிட்ஜ்தான் காக்க வேண்டுமென்றால் 680 ரூபாய் எதற்கு? நான்கு முறை கேட்ட பிறகு அனுப்பிய தாளில் டோகோபெரால், சூரியகாந்தி எண்ணெய் என்ற இரண்டே பெயர்கள் இருந்தன. அதாவது, வைட்டமின் ஈ. எண்ணெய் காறிப்போவதை அது தள்ளிப்போடுமே தவிர, பாக்டீரியாவையோ பூசணத்தையோ தடுக்காது.

பணத்துக்குப் பதிலாக சோடியம் பென்சோயேட் என்ற வேறொரு பிரிசர்வேட்டிவ் தூளை அனுப்பி, “இதை எதுல வேணும்னாலும் போடலாம்” என்றார். இதுவும் பொய். அமிலத்தன்மை உள்ள கலவையில்தான் அது வேலை செய்யும். பிஎச் 4.2இல் அதில் பாதி, கிருமியைத் தடுக்கும் அமில வடிவில் இருக்கும். பிஎச் 6இல் நூற்றுக்கு இரண்டு பங்குகூட அந்த வடிவில் இருக்காது. நான் செய்யும் குளியல் திரவமோ, எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சியது. அதன் பிஎச் 9ஐ ஒட்டியிருக்கும். பிஎச் தாளை நனைத்துப் பார்த்த பின்புதான், அந்தத் தூளைப் போடுவதும் போடாததும் அங்கே ஒன்றே என்று புரிந்தது.

அவர் அடுத்துப் பரிந்துரைத்தது கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு. 1999இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு ஒன்றில், கடைகளில் கிடைத்த ஆறு சாறுகளைச் சோதித்தபோது கிருமியைத் தடுத்த ஐந்திலும் பென்சிதோனியம் குளோரைடு என்ற செயற்கைப் பொருள் கலந்திருந்தது. அது இல்லாத ஆறாவது சாறு கிருமியைத் தடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஜெல்லுக்கு ஃபீனாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் சேர்ந்த பிரிசர்வேட்டிவ் கலவையை, பெயரும் அளவும் அச்சிட்ட புட்டியாகப் பார்த்து வாங்குகிறேன். சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு, நூறு கிராமுக்கு ஒரு கிராமைத் தாண்டாமல் சிறு தராசில் நிறுத்து, சூடு தணிந்த பின் சேர்க்கிறேன். நீரே படாத தைலங்களுக்கு எதுவும் சேர்ப்பதில்லை.

பணம் திரும்பி வரவில்லை. அந்தப் புட்டியில் மீந்திருந்ததைக் கொட்ட மனமின்றித் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் கலந்துவிட்டேன். அங்கே அதற்கு வேலை உண்டு.