சிட்னியில் ‘ரகசிய டைவிங் இடம்’ காட்டுகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

படகு இல்லாமல் கரையிலிருந்தே ஸ்கூபா இறங்குவதற்கு சிட்னியைப் போல வசதியான பெருநகரங்கள் குறைவு. மேற்குப் புறநகர்களான வெஸ்ட்மீட், டூங்காபி பக்கமிருந்து சனிக்கிழமை காலையில் காற்று டேங்கைக் காரில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற நம் ஆட்கள் சிலரை எனக்கே தெரியும். புதிதாகச் சான்றிதழ் வாங்கியவர்கள் அடுத்து எங்கே இறங்கலாம் என்று இடம் தேடுவார்கள். அவர்களைக் குறிவைத்து நடக்கிற ஒரு வியாபாரத்தில் நானும் என் சித்தி மகனும் மாட்டி, பணத்தை இழந்து, பெரிய ஆபத்திலிருந்து தப்பி வந்தோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த ஆளின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரியாமலேயே இப்படிப்பட்டவர்களை அடையாளம் காண முடியும்.

விளம்பரம் இதுதான்: யாருக்கும் தெரியாத ரகசிய இடத்தில் டைவிங், ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 4 பேர், உபகரணம் எல்லாம் அவர்களுடையது, கடற்குதிரைக் குடும்பத்தைச் சேர்ந்த வீடி சீ டிராகன் மீனைப் பார்க்கலாம். இருவருக்கும் சேர்த்து 380 டாலர். இன்னும் 45 டாலர் கொடுத்தால் சிட்னியின் ‘ரகசிய இடங்கள்’ வரைபடம் ஒன்று மின்னஞ்சலில் வரும். தம்பி சான்றிதழ் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆள் குறைவாக இருந்தால் அவனைக் கவனித்துக்கொள்வார்கள் என்பதற்காகத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தேன்.

டைவிங்குக்கு முந்தைய நாள் இரவுதான் இடத்தைச் சொன்னார்கள்: ஷிப்ராக். போர்ட் ஹேக்கிங் நீர்ப்பரப்பில், புரனீர் பக்கம், வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பாதையும் படிகளும் இறங்கும் இடம். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. அரசு அறிவித்த கடல்வாழ் உயிரினக் காப்பகம் அது. சிட்னி டைவர்கள் பல ஆண்டுகளாக இறங்குகிறார்கள். இடம் உண்மையிலேயே அருமைதான். கரையை ஒட்டியே பாறைச் சுவர் கீழே இறங்குகிறது, அதில் குகைகள், பொந்துகள், கடற்பஞ்சுகள், மென்பவளங்கள். பைனாப்பிள் மீன் என்று மஞ்சள் செதில் கவசம் போட்ட ஒரு சின்ன மீன் அந்த இடுக்குகளில் இருக்கும். அதைப் பார்க்கவே ஆட்கள் போவார்கள். சீ டிராகன் தேடுகிறவர்கள் போவது பாட்டனி பே வாயிலில் இருக்கும் கர்னெலுக்கும், லா பெரூஸ் அருகே பேர் ஐலண்டுக்கும். விளம்பரத்தின் முதல் பொய் அங்கேயே இருந்தது.

ஆனால் ஷிப்ராக்கில் இடத்தைவிட நேரம்தான் முக்கியம். கடல் ஏறி உச்சத்துக்கு வந்து நீர் அசையாமல் நிற்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் அங்கே இறங்க வேண்டும். உச்சத்துக்குக் கொஞ்சம் முன்பே தண்ணீருக்குள் இருப்பதுதான் வழக்கம். ஏற்றத்தில் வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வருகிறது. வற்றம் தொடங்கியதும் உள் ஓடைகளின் கலங்கல் நீர் கீழே இறங்கி வரும், பார்வை தூரம் குறையும், இழுப்பு கூடும். மேலே படகுகள் வேறு போய்க்கொண்டே இருக்கும். இது அங்கே பழகிய எல்லோருக்கும் தெரியும்.

சொன்ன நேரத்துக்கு நாங்கள் போய் நின்றோம். வழிகாட்டி வந்தபோது ஏற்றத்தின் உச்சம் கடந்துவிட்டது. 4 பேர் என்று சொன்ன இடத்தில் 10 பேர் நின்றோம், வழிகாட்டி ஒருவர்தான். நேரம் தாண்டிவிட்டதே, வற்றம் ஆரம்பித்திருக்குமே என்று கேட்டேன். இங்கே நீர் நெடுநேரம் அப்படியே நிற்கும், எனக்குத் தெரியாததா என்றார். மறுபடி கேட்டதற்குக் காது கொடுக்கவே இல்லை. தம்பிக்குக் கொடுத்த டேங்கில் காற்றழுத்தம் 200 பார் இருக்க வேண்டிய இடத்தில் 160 காட்டியது. அவனுடைய மாற்று ரெகுலேட்டரிலிருந்து, அதாவது அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது வாய்க்கருவியிலிருந்து, சிறிது சிறிதாகக் காற்று கசிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டியபோது, ஆழம் குறைவுதானே, போதும் என்று சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் போகிறோம், எவ்வளவு காற்று மிஞ்சும்போது திரும்ப வேண்டும், பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கிடையாது. மிதவையில் கட்டுகிற நீல வெள்ளை டைவிங் கொடியும் கிடையாது.

இறங்கியதும் முதல் சில நிமிடங்கள் சுவரை ஒட்டிப் போனோம். அப்புறம் தண்ணீர் பழுப்பாக ஆரம்பித்தது. முன்னால் போனவர்களின் கால் துடுப்புகூடத் தெரியவில்லை. இழுப்பு ஏறிக்கொண்டே வந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் இருக்கிற இடத்தில் இருக்க முடியும் என்ற நிலை. தம்பி எதிர்நீச்சல் போட்டுப் போட்டு மூச்சு வாங்க, காற்று வேகமாகக் கரைந்தது. 60 பாருக்கு வந்தபோது எனக்குக் காட்டினான். 50 பாரோடு மேலே வந்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்த நேரம் வழிகாட்டி எங்கே என்றே தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன். சுவரை விட்டதும் நீரோட்டம் எங்களை வெளியே தள்ளிக்கொண்டு போனது.

என்னிடம் சொந்தமாக ஒரு ஆரஞ்சு நிற அடையாள மிதவைக் குழாய் இருந்தது. 5 மீட்டரில் நின்று அதை ஊதி மேலே அனுப்பினேன். தலை வெளியே வந்தபோது படகு போகிற பாதையில் இருந்தோம். ஒரு படகு அந்த மிதவையைக் கடைசி நேரத்தில் பார்த்துத் திருப்பியது. “அக்கா, அவங்க நம்மளப் பாக்கவே இல்ல, அந்தக் குழாயத்தான் பாத்தாங்க” என்றான் தம்பி. அவன் சொன்னது சரி. அந்தக் குழாய் வழிகாட்டி கொடுத்ததல்ல.

நீரோட்டத்துக்குக் குறுக்கே நீந்தி ஒரு வீட்டின் தனியார் படகுத்துறையில் ஏறினோம். அங்கே நின்ற பெரியவர் கை கொடுத்து ஏற்றிவிட்டார், தண்ணீர் கொடுத்தார், தெருவுக்குப் போகும் வழியும் காட்டினார். டேங்கைச் சுமந்து நடந்து போய்ப் பார்த்தால், வழிகாட்டி காரில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் வரவில்லை என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வெளியே வந்தவர்களை எண்ணிப் பார்க்காத ஒரு ஆளிடம் 10 உயிர்களை ஒப்படைத்திருந்தோம். இன்னும் என்னால் மன்னிக்க முடியாதது அதைத்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கையெழுத்துப் போட்ட படிவத்தில் பணம் திரும்பாது என்று இருக்கிறதே என்றார். அடுத்த முறைக்கு ஒரு இலவச டைவ் தருகிறேன் என்றார். அவரோடு இன்னொரு முறை தண்ணீரில் இறங்க எனக்கு மனமில்லை என்று எழுத்திலேயே பதில் கொடுத்தேன்.

அந்த 45 டாலர் வரைபடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை இன்னும் விற்கிறார்கள். அதில் இருப்பவை மேன்லி ஷெல்லி பீச், கோர்டன்ஸ் பே, பேர் ஐலண்ட், கிளிஃப்டன் கார்டன்ஸ். எல்லாமே பொது இடங்கள், இறங்கக் கட்டணம் இல்லை, எந்த டைவிங் கடையில் கேட்டாலும் சும்மாவே சொல்வார்கள். எல்லா இடத்துக்கும் ‘எப்போதும் நல்லது’ என்று ஒரே குறிப்பு. அதுதான் ஆபத்து.

ஷெல்லி பீச் கிழக்குக் கரையில் இருந்தும் மேற்கு நோக்கி வளைந்து கிடப்பதால், தெற்கிலிருந்து பெரிய அலை வரும் நாளிலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த இடத்தைத்தான். கேபேஜ் ட்ரீ பே காப்பகம் என்பதால் 2002 முதல் அங்கே எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாது. பெரிய நீல குரோப்பர் மீன்கள் பயமில்லாமல் பக்கத்தில் வரும். கோர்டன்ஸ் பேயில் கடலடியில் சங்கிலி போட்டு ஒரு பாதையே அமைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே சுற்றி வரலாம். ஆனால் அதன் வாய் கடலைப் பார்த்துத் திறந்திருப்பதால், கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ அலை பெரிதாக வரும் நாளில் பாறையில் ஏறி வெளியே வருவது சிரமம். பேர் ஐலண்ட் பெருமழைக்குப் பிறகு சில நாள் கலங்கிக் கிடக்கும், பாட்டனி பேயில் வந்து சேரும் ஆறுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். இவை எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை.

கிளிஃப்டன் கார்டன்ஸ் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கே நீச்சல் பகுதியைச் சுற்றிப் போட்ட வலையில் இருக்கும் கடற்குதிரைகளைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கலாமாம். அங்கே இருப்பது ஒயிட்ஸ் கடற்குதிரை, அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். 2020இல் ஆய்வாளர்கள் அதன் குஞ்சுகளை வளர்த்து அதே பகுதியில் விட்டு, தங்குவதற்குக் கூண்டு போன்ற அமைப்புகளையும் கடலடியில் வைத்தார்கள். அப்படிக் காப்பாற்றுகிற ஒன்றைத் தொடச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள், வலையையும் அசைக்காதீர்கள்.

வழிகாட்டியோடு போவது தப்பில்லை. நல்ல வழிகாட்டிகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். பணம் கட்டும் முன்பே, எந்த இடம், அன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு, அலை எந்தத் திசையிலிருந்து என்று கேளுங்கள். நல்லவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள், கடல் சரியில்லாவிட்டால் அவர்களே இடத்தை மாற்றுவார்கள் அல்லது ரத்து செய்வார்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். நீங்களும் ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில், சிட்னி துறைமுகத்தில் இருக்கும் ஃபோர்ட் டெனிசனின் ஏற்ற வற்ற நேரங்களையும் அலை முன்னறிவிப்பையும் முந்தைய இரவே பாருங்கள். தண்ணீரில் இறங்கும் முன் டேங்க் அளவு குறைவாகவோ ரெகுலேட்டர் கசிந்தோ இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் இறங்காதீர்கள், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை. அடையாள மிதவைக் குழாய் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் விஷயத்தில் ஒன்று. ‘பணம் திரும்பாது’ என்று படிவத்தில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி எந்தச் சேவையையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும், அந்த உரிமையை ஒரு வரி எழுதி நீக்கிவிட முடியாது. விளம்பரத்தின் படம், செய்திகள், டேங்க் அளவுமானியைத் தம்பி எடுத்த படம் எல்லாம் சேர்த்து நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் மாநில அரசு அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுத்தேன். அதன் பிறகு தம்பியின் பங்கு மட்டும் திரும்பி வந்தது. என் பங்கும் வரைபடக் காசும் இன்னும் வரவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. இதே வரைபடத்தை வாங்கியவர்கள் இருந்தால், ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள், நீங்களும் தனியாக ஒரு புகார் கொடுங்கள்.